முதலில் கிளிங்கரை எடை போடுங்கள்

கேள்வி: அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சுற்றுச்சூழல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நம் உற்பத்தி எவ்வளவு பசுமையானது என்று காட்ட ஒரு மதிப்பெண் முறை தயார் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எதை அளப்பது, அதை எப்படி முன்னேற்றுவது, எங்கே தொடங்குவது?

பதில்:

மதிப்பெண் முறையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கரியமில வாயு, தூசி, தண்ணீர், மின்சாரம், நட்ட மரம் என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண் என்று பிரித்து, கடைசியில் நூற்றுக்கு 78 என்று ஓர் எண்ணை வரவைப்பது ஒரு வாரத்து வேலை. ஆனால் காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் கூட்டிச் சராசரி சொல்கிற மருத்துவரிடம் நாம் யாரும் போகமாட்டோம். அந்த 78 எந்த இயந்திரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று யாருக்கும் சொல்லாது. தூசியில் இழந்த மதிப்பெண்ணை மரக்கன்று நட்டு மீட்டுவிடவும் வழி இருக்கும். எண்களைத் தனித்தனியாக வையுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்த எல்லைக்குள் எடுத்த கணக்கு, எதால் வகுத்தது, எந்தக் கருவியில் அளந்தது, அந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று எழுதுங்கள். கனரகத் தொழிலில் பசுமை என்று சொல்லப்படுவதில் பாதி உண்மையும் பாதிப் பொய்யும் இந்த நான்கு விவரங்களுக்குள்தான் இருக்கின்றன. எரிசக்தித் தணிக்கை வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

சிமெண்டில் கரியமில வாயு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும்; 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். எந்த எரிபொருளைப் போட்டாலும் இது மாறாது, கல்லின் வேதியியலே அப்படி. சுண்ணாம்புக்கல் கலவையைச் சுட்டு எடுக்கும் கட்டிதான் கிளிங்கர்; அதை அரைத்துத்தான் சிமெண்ட் செய்கிறோம். ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டும் சுமார் 530 கிலோ வரும். அதற்கு மேல் எரிபொருள். இந்தியாவின் நல்ல கில்ன்கள் (கிளிங்கரைச் சுடும் உலைகள்) ஒரு கிலோ கிளிங்கருக்கு 700 முதல் 750 கிலோ கலோரி வரை எடுக்கின்றன. 730 என்று வைத்துக்கொண்டால், நிலக்கரியோ பெட்கோக்கோ (பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) எரித்து அந்த வெப்பத்தைத் தர சுமார் 290 கிலோ கரியமில வாயு. ஆக ஒரு டன் கிளிங்கருக்கு 820 கிலோ. மின்சாரம் ஒரு டன் சிமெண்டுக்கு 75 யூனிட் என்றால், நம் மின்கட்டத்தின் கணக்கில் இன்னும் 54 கிலோ.

இப்போது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், 65 சதவீதம் கிளிங்கர் உள்ளது, ஒரு டன்னை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் சுமார் 590 கிலோ. அதில் ஏறக்குறைய 345 கல்லிலிருந்தும், 190 எரிபொருளிலிருந்தும், 54 மின்சாரத்திலிருந்தும் வருகிறது. இந்த மூன்று எண்களையும் உங்கள் ஆலையின் சொந்த அளவுகளை வைத்துப் போட்டு மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். யாராவது ஒரு திட்டத்தோடு வந்தால் அது இந்த மூன்றில் எதைத் தொடுகிறது, எவ்வளவு தொடுகிறது என்று உடனே பார்த்துவிடலாம். மின்சாரம் முழுவதையும் சூரிய ஒளியிலிருந்தே எடுத்தாலும் குறைவது 9 சதவீதம்தான். மரம் நடுவதைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு மரம் ஆண்டுக்கு 20 கிலோ உள்ளிழுக்கும் என்று தாராளமாகவே வைத்தாலும், ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் பி.பி.சி. செய்யும் ஆலைக்கு ஏறக்குறைய 3 கோடி மரம் வேண்டும். ஆலையைச் சுற்றிப் பசுமை வளையம் கட்டாயம் வேண்டும். தூசியைத் தடுக்கவும் நிழலுக்கும் வேண்டும். கரியமில வாயுக் கணக்கில் மட்டும் அதைக் கொண்டுவந்து சேர்க்காதீர்கள்.

அளப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

உங்கள் ஆலையில் கிளிங்கர் உற்பத்தி எவ்வளவு என்று கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். தசம புள்ளியோடு பதில் வரும். அதை எப்படி எடை போட்டீர்கள் என்று கேட்டால் பல ஆலைகளில் எடை போடவே இல்லை என்பது தெரியவரும். கில்னுக்குள் போகும் மாவை, அதாவது அரைத்த சுண்ணாம்புக்கல் கலவையைத்தான் அளக்கிறார்கள். ஒரு டன் கிளிங்கருக்கு எத்தனை டன் மாவு என்ற ஒரு காரணியால் அதை வகுத்துக் கிளிங்கர் என்று எழுதுகிறார்கள். மணிக்கு 300 டன் மாவு போகிறது, காரணி 1.56 என்றால் கிளிங்கர் 192 டன். உண்மையில், கில்னுக்குப் போகுமுன் மாவைச் சூடாக்கும் பிரீஹீட்டர் வழியே தூசி கூடுதலாகப் பறந்து காரணி 1.60 ஆக இருந்தால் கிளிங்கர் 187.5 டன்தான். எரித்த நிலக்கரி அதேதான். ஆனால் உண்மையில் 730 கிலோ கலோரி எடுக்கும் கில்ன் காகிதத்தில் 712 எடுப்பதாகத் தெரியும். 18 கிலோ கலோரி "சேமிப்பு", ஒரு பிடி நிலக்கரி கூடக் குறையாமல். பிரீஹீட்டரில் இன்னொரு அடுக்கு கட்டி உண்மையாகச் சேமிப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே உங்கள் முதல் வேலை கிளிங்கர் எடைச் சோதனை. கில்ன் நிலையாக ஓடும் ஒரு நாளில், கூலரிலிருந்து வரும் கிளிங்கரைச் சிலோவுக்கு விடாமல் எட்டு மணி நேரம் லாரியில் ஏற்றி எடைமேடையில் நிறுத்துங்கள். அதே எட்டு மணி நேரத்தில் மாவு எவ்வளவு போனது, நிலக்கரி எவ்வளவு போனது என்பதையும் எடுங்கள். உற்பத்திப் பிரிவுக்கு இது தொல்லை. லாரி வேண்டும், ஆள் வேண்டும், சூடான கிளிங்கரோடு மல்லுக்கட்ட வேண்டும். அதனால் தள்ளிப்போடுவார்கள். விடாதீர்கள். இந்த ஒரு எடை சரியில்லாவிட்டால், அதால் வகுத்து வரும் எதுவும், வெப்பமும் மின்சாரமும் கரியமில வாயுவும், சரியாக இருக்க வாய்ப்பில்லை.

அடுத்தது நிலக்கரி. பெல்ட்டில் உள்ள எடைக்கருவி ஒரு சதவீதம் நகர்ந்தால் ஆண்டு முழுக்க அந்த ஒரு சதவீதம் கணக்கில் ஒளிந்துகொள்ளும். அதைவிடப் பெரியது மாதிரி எடுப்பது. குவியலின் மேற்புறத்திலிருந்து ஒரு கை அள்ளிப் போய்க் கலோரிமீட்டரில் எரித்தால் கிடைப்பது அந்தக் கைப்பிடியின் வெப்ப மதிப்புதான், குவியலின் மதிப்பு இல்லை. பல இடத்தில் எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பாகங்களை வைத்து மறுபடி கலந்து குறைக்கும் பழைய முறையைக் கறாராகச் செய்யச் சொல்லுங்கள். ஈரத்தைத் தனியாக எழுதுங்கள். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் நனையும். கல்லை மாவாக அரைக்கும் ரா மில்லுக்குச் சூடான வாயு கூடுதலாகத் தேவைப்படும், கில்ன் அடிக்கடி தடுமாறும். நவம்பர் எண்ணை மே மாத எண்ணோடு வைத்து யாரையும் குற்றம் சொல்லவோ பாராட்டவோ வேண்டாம். நவம்பரை நவம்பரோடு வையுங்கள்.

வகுக்கும் எண்ணை வைத்து நடப்பதையும் சொல்ல வேண்டும். ஆலை கிளிங்கரை வெளியிலிருந்து வாங்கி அரைத்தால், ஒரு டன் சிமெண்டுக்கான நேரடி உமிழ்வு சட்டென்று இறங்கும். கில்னே இல்லாத அரைவை ஆலை ஒன்று தன் வாசலுக்குள் நடப்பதை மட்டும் கணக்கிட்டால், தமிழ்நாட்டிலேயே பசுமையான ஆலை தானே என்று சொல்லிக்கொள்ள முடியும். வாயு வெளியேறியது வேறு மாவட்டத்தில் அல்லது வேறு மாநிலத்தில், அவ்வளவுதான் வேறுபாடு. அதனால் வாங்கிய கிளிங்கரின் சுமையைச் சேர்த்தும் ஒரு எண், சேர்க்காமலும் ஒரு எண் வையுங்கள். ஒன்றிய எரிசக்தித் திறன் அலுவலகம் 2012-இல் தொடங்கிய, ஆலைகளுக்கு எரிசக்தி இலக்கு வைக்கும் 'பாட்' திட்டத்திலேயே, கிளிங்கர் வாங்கியது விற்றது எல்லாவற்றையும் சமன்செய்துதான் ஆலையின் திறனைக் கணக்கிட்டார்கள். ஓபிசி (சாம்பலோ கசடோ கலக்காத சாதாரணச் சிமெண்ட்), பி.பி.சி., ஸ்லாக் சிமெண்ட் (இரும்பு உலைக் கசடு கலந்தது) என்று கலவை மாறினாலும் ஒப்பிட முடிந்தது அதனால்தான். 2012 முதல் 2015 வரை நடந்த முதல் சுற்றில் 8 தொழில்களைச் சேர்ந்த 478 ஆலைகள் இருந்தன. இலக்கைவிடக் கூடுதலாகவே எரிசக்தி மிச்சமானது. அந்தப் படிவத்தின் சமன்செய்யும் பக்கங்களைப் பொறுமையாகப் படியுங்கள். எந்தக் கல்லூரிப் பாடத்தையும்விட அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இன்னொரு வகுக்கும் எண் ரூபாய். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் செபிக்குக் கட்டாயமாகத் தரும் பொறுப்பறிக்கையில், விற்றுமுதல் ரூபாய்க்கு எவ்வளவு எரிசக்தி என்றும் எழுத வேண்டும். மூட்டை விலை ஏறிய ஆண்டில் அந்த எண் தானாக இறங்கும், கில்னில் ஒரு ஆணியைக்கூட யாரும் திருகியிருக்கமாட்டார்கள். அறிக்கைக்கு அதைக் கொடுங்கள். ஆலைக்குள் பேசும்போது டன்னால் வகுத்த எண்ணையே பேசுங்கள். கூடவே வகுக்காத மொத்தத்தையும் வையுங்கள். டன்னுக்கு 5 சதவீதம் குறைத்து, உற்பத்தியை 30 சதவீதம் கூட்டினால் வானத்துக்குப் போவது கூடியிருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது.

புகைபோக்கி அளவீட்டில் கவனிக்க வேண்டியது ஆக்சிஜன். நைட்ரஜன் ஆக்சைடுக்கு, 2014 ஆகஸ்ட் அறிவிக்கைக்குப் பின் ஓடத் தொடங்கிய கில்ன்களுக்கு வரம்பு ஒரு கனமீட்டருக்கு 600 மில்லிகிராம். ஆனால் அது 10 சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்திய அளவு. திரையில் 500 என்று காட்டுகிறது, பக்கத்தில் ஆக்சிஜன் 14 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாயுவில் வெளிக்காற்று கலந்து நீர்த்துப் போயிருக்கிறது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். 21-லிருந்து 10 போக 11, 21-லிருந்து 14 போக 7. 500-ஐ 11-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் 786. வரம்புக்குள் இருப்பதாக நினைத்த ஆலை வரம்பைத் தாண்டி நிற்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் தனியாக வரும் எந்தப் புகைபோக்கி எண்ணையும் ஏற்காதீர்கள்.

தூசி அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. புகைபோக்கிக்குள் வாயு என்ன வேகத்தில் ஏறுகிறதோ அதே வேகத்தில் மாதிரிக் குழாய் உறிஞ்ச வேண்டும். கூடுதல் வேகத்தில் உறிஞ்சினால் அக்கம்பக்கத்து வாயுவும் வளைந்து உள்ளே வரும். கனமான துகள் வளையாமல் தன் போக்கில் மேலே போய்விடும். தூசி குறைவாகத் தெரியும். அளக்க வருபவர் ஒவ்வொரு புள்ளியிலும் வேகத்தைப் பார்த்துப் பம்பைத் திருத்துகிறாரா, அல்லது ஒரே நிலையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறாரா என்று அவரோடு மேடை ஏறிப் பாருங்கள். அங்கே வெயிலும் உயரமும் கடுமைதான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது நீங்களே ஏறி நின்று பார்க்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் அனுப்பும் கருவியைத் திருத்துவதும் இந்தக் கையளவீட்டை வைத்துத்தான்.

இனி முன்னேற்றம். எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டியது கிளிங்கரின் பங்கைக் குறைப்பது. மேலே போட்ட கணக்கிலிருந்தே வருகிறது: ஒரு டன் சிமெண்டில் கிளிங்கரை ஒரு சதவீதப் புள்ளி குறைத்தால் 8.2 கிலோ கரியமில வாயு மிச்சம். அதே 8.2 கிலோவைக் கில்ன் வெப்பத்தில் பிடிக்க வேண்டுமானால், பி.பி.சி. ஆலையில் சுமார் 30 கிலோ கலோரி குறைக்க வேண்டும். அதற்குப் புதுக் கூலர், கூடுதல் அடுக்கு என்று கோடிகளைக் கொட்டி, ஷட்டவுனும் எடுக்க வேண்டும். இங்கே சாம்பலை ஒரு புள்ளி கூட்டினால் போதும்.

தரநிலைகள் இதற்கு இடம் கொடுக்கின்றன. பி.பி.சி.யில் சாம்பல் 35 சதவீதம் வரை சேர்க்கலாம். 2015-இல் வந்த கூட்டுச் சிமெண்ட் தரநிலையில் சாம்பலும் ஸ்லாக்கும் சேர்ந்து கிளிங்கரை 35 சதவீதம் வரைகூட இறக்கலாம். 45 சதவீதக் கிளிங்கரோடு செய்தால் ஒரு டன்னுக்கு 420 கிலோ அருகே வந்துவிடும். மேட்டூர் போல 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பலை லாரியில் கொண்டுவந்தால் டீசல் புகை எல்லாவற்றையும் தின்றுவிடாதா என்று கேட்பார்கள். தின்னாது. அந்தப் பயணத்தின் சுமை ஒரு டன் சிமெண்டுக்கு ஐந்தாறு கிலோதான். ஓபிசியோடு ஒப்பிட்டால் மிச்சமாவது 200 கிலோவுக்கும் மேல். தவிர, ஆலைக்கு வராத சாம்பல் குளத்தில்தான் தேங்கும். எண்ணூரில் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து மீனவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

ஆனால் சாம்பல் எல்லாம் ஒன்றில்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அளவு வேறு, மேட்டூர்ச் சாம்பலில் வேறு. எரியாத கரி மிச்சமிருந்தால் கான்கிரீட் தண்ணீரைக் குடிக்கும். லாரி லாரியாக நுண்மையையும் எரி இழப்பையும் (எரியாமல் மிஞ்சிய கரியைக் காட்டும் அளவு) சோதித்து, நல்லதை ஏற்று மோசமானதைத் திருப்பி அனுப்ப ஆய்வகத்துக்கு அதிகாரம் இருக்க வேண்டும். சாம்பல் பங்கு கூடாமல் நிற்கும் ஆலைகளில் பெரும்பாலும் காரணம் இதுதான்: தரம் ஏறி இறங்குகிறது, அதனால் பயந்து குறைவாகவே சேர்க்கிறார்கள்.

இன்னொரு காரணம் ஆலைக்கு வெளியே, கட்டடம் கட்டும் இடத்தில் இருக்கிறது. பி.பி.சி. முதல் சில நாளில் மெதுவாகத்தான் பிடிக்கும். சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்க வேண்டியிருக்கும் மேஸ்திரிக்கு அது பிடிக்காது. 53 கிரேடு ஓபிசி கேட்பார். தண்ணீர் ஊற்றி ஆற்றுவது ஓபிசிக்கு 7 நாள், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள் என்று கான்கிரீட் விதிமுறை சொல்கிறது. அந்தக் கூடுதல் நாட்களை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்லிக்கொடுத்துச் செய்தால், தூத்துக்குடி, சென்னை மாதிரிக் கடலோரத்தில் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிப்பதைக் கலப்புச் சிமெண்ட் ஓபிசியைவிட நன்றாகவே தாமதப்படுத்தும். உங்கள் விற்பனைப் பிரிவின் தொழில்நுட்ப ஆட்கள் மாதம் எத்தனை மேஸ்திரிகளிடம் இதைப் பேசுகிறார்கள் என்பதும் பசுமைக் கணக்கில் வர வேண்டிய ஒரு எண் என்றே நினைக்கிறேன்.

சுட்ட களிமண்ணும் வந்துவிட்டது. பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல், 5 சதவீதம் ஜிப்சம் என்ற கலவை. லோசானில் உள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகமும் கியூபாவின் சாந்தா கிளாராவில் உள்ள லாஸ் வில்லாஸ் மத்தியப் பல்கலைக்கழகமும் நம் டெல்லி, மெட்ராஸ், பம்பாய் ஐ.ஐ.டி.களும் சேர்ந்து வளர்த்தது. 2023-இல் இந்தியத் தரநிலையும் வந்தது. களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும், கிளிங்கருக்குப் போல 1450 வேண்டியதில்லை. ஓபிசியோடு ஒப்பிட்டால் கரியமில வாயு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். உங்கள் சுரங்கத்தில் மேல்மண் என்று ஒதுக்கிக் குவிக்கும் களிமண்ணில் கயோலினைட் என்ற கனிமம் 40 சதவீதம் தேறுமா என்று ஒரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம்தான். அனல்மின் நிலையங்கள் குறையக் குறையச் சாம்பலும் குறையும். அந்த நாளுக்கு இப்போதே மண்ணைப் பார்த்துவைப்பது நல்லது.

கில்ன் பக்கம் வந்தால், பணம் செலவழிக்காமல் செய்யக்கூடியது ஃபால்ஸ் ஏர், அதாவது ஓட்டைகள் வழியே புகும் வெளிக்காற்றைப் பிடிப்பது. கில்ன் இன்லெட்டில் ஆக்சிஜன் 3 சதவீதம், பிரீஹீட்டர் உச்சியில் 6 சதவீதம் என்றால், இரண்டுக்கும் இடையே வெளிக்காற்று உள்ளே நுழைந்திருக்கிறது. வித்தியாசம் 3-ஐ, 21-லிருந்து 6 போன 15-ஆல் வகுத்தால் 20 சதவீதம். அந்தக் காற்றையும் சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கித்தான் வெளியே தள்ளுகிறீர்கள், அதை இழுக்க ஃபேனுக்கு மின்சாரமும் தருகிறீர்கள். சைக்ளோனின் ஆய்வுக் கதவு, ஃபிளாப் வால்வின் தண்டு, கில்ன் இன்லெட் சீல், பழைய துளைகள் என்று ஒவ்வொரு அடுக்கிலும் ஆக்சிஜன் எடுத்துக்கொண்டே ஏறினால் எந்தத் தளத்தில் ஓட்டை என்று தெரிந்துவிடும். ஓட்டையை அடைத்ததும் ஃபேன் வேகத்தைக் குறைக்கலாம். ஃபேன் எடுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகும். ஆனால் காற்றுக் குழாயின் தடுப்புக் கதவான டேம்பரை மூடி இந்தச் சேமிப்பு வராது, வேகத்தையே குறைக்க வேண்டும்.

வீணாகும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் இப்போது பல ஆலைகளில் இருக்கிறது. இந்தியா சிமெண்ட்ஸின் விஷ்ணுபுரம் ஆலையில் 2004-இலேயே ஜப்பானிய உதவியோடு 7.7 மெகாவாட் நிலையம் வந்துவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு ஆபத்தைப் பார்க்கிறேன். பிரீஹீட்டர் கெட்டு, உச்சியில் வாயு கூடுதல் சூட்டோடு வெளியேறினால் மின் நிலையம் கூடுதல் யூனிட் தரும். மின் பிரிவுக்குப் பாராட்டு. கில்ன் கூடுதல் நிலக்கரி தின்பதை யாரும் கேட்பதில்லை. நிலக்கரி வெப்பத்தை நேராகக் கிளிங்கருக்குத் தராமல், சுற்றிவளைத்து மின்சாரமாக்கி அதில் பெரும்பகுதியை இழக்கிறோம். பிரீஹீட்டர் உச்சி வெப்பநிலையையும் அந்த நிலையத்தின் யூனிட்டையும் எப்போதும் ஒரே தாளில் வையுங்கள்.

மாற்று எரிபொருளில் நமக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. சென்னைப் பெருங்குடிக் குப்பைமேட்டைத் தோண்டிப் பிரித்தபோது வந்த எரியக்கூடிய குப்பை சிமெண்ட் ஆலைகளுக்குத்தான் போனது. கில்னின் சுடர் 2000 டிகிரியைத் தொடுவதால் வேறெங்கும் எரிக்கக்கூடாததைக் கூட இங்கே முழுதாக எரிக்கலாம். சாம்பலும் கிளிங்கரிலேயே கலந்துவிடும். குளோரினைத்தான் கவனிக்க வேண்டும்: பி.வி.சி. கலந்து வந்தால் கில்ன் இன்லெட்டில் படிந்து அடைக்கும், அடைப்பை உடைக்கக் கில்ன் நிற்கும், நின்று மறுபடி மூட்டும்போது சேமித்ததெல்லாம் போகும். கணக்கு எழுதும்போது இந்தக் குப்பை முழுவதையும் சுழியம் என்று போடாதீர்கள். துணி, காகிதம், மரம் பங்குக்குச் சரி. பிளாஸ்டிக் பெட்ரோலியத்திலிருந்து வந்தது, அதன் கரியமில வாயுவை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதியும் ஒரு எண், கழித்தும் ஒரு எண் என்று இரண்டையும் காட்டுவதே முறை.

இரும்பு ஆலையில் வேலை பார்ப்பவர் யாராவது இதைப் படித்தால், அங்கே கிளிங்கரின் இடத்தில் பழைய இரும்பின் பங்கை வைத்துப் பாருங்கள். எல்லைச் சண்டைகளும் வகுக்கும் எண் சண்டைகளும் அப்படியே பொருந்தும். 2024 டிசம்பரில் ஒன்றிய எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கு வரையறை தந்திருக்கிறது: ஒரு டன்னுக்கு 2.2 டன் கரியமில வாயுவுக்குக் கீழே இருந்தால் மூன்று நட்சத்திரம், 1.6-க்குக் கீழே போனால் ஐந்து.

இதுவரை சொன்னதெல்லாம் புகைபோக்கியும் கில்னும். உங்கள் ஆலையைச் சுற்றியிருக்கும் ஊர்க்காரர்களிடம் கேட்டால் அவர்கள் சொல்லும் தூசி பெரும்பாலும் புகைபோக்கியில் இருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலை, மூடாத குவியல், பெல்ட் மாறும் இடம், சுரங்க வெடி. எந்தக் கருவியும் அதை வாரியத்துக்கு அனுப்பாது. மொட்டைமாடியில் காயப்போட்ட துணியும் வற்றலும் சாம்பல் பூத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, புகைபோக்கி 30 மில்லிகிராமுக்குள் இருக்கிறது என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் சொல்வது பதிலே இல்லை. பழைய எளிய முறை ஒன்று உண்டு: வாய் திறந்த ஜாடியை ஒரு மாதம் கூரையில் வைத்து, விழுந்த தூசியை உலர்த்தி எடை போடுவது. நான்கு திசையிலும் ஊருக்கு ஒரு ஜாடி, லாரிச் சாலையை ஒட்டி இரண்டு, காற்று வராத திசையில் ஒப்பிட ஒன்று. ஊராட்சிப் பள்ளி மாணவர்களையே கூட்டிவைத்து எடை போட வைக்கலாம், அவர்கள் கண்ணெதிரே வந்த எண் என்பதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். சாலையைச் சிமெண்ட் சாலையாக்கி, லாரிக்குத் தார்ப்பாய் கட்டாயமாக்கி, சக்கரம் கழுவும் தொட்டி வைத்தால் அடுத்த மாதமே ஜாடியில் தெரியும்.

இந்த எண்களுக்கு இப்போது காசும் உண்டு. 2022-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023-இல் கார்பன் வரவு வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டு, 2025 அக்டோபரில் சிமெண்ட், அலுமினியம், குளோர்-ஆல்கலி, காகிதத் தொழில்களுக்கு ஆலைவாரியாக உமிழ்வு இலக்கு வந்துவிட்டது. அடிப்படை ஆண்டு 2023-24. இலக்குக்குக் கீழே போனால் வரவு விற்கலாம், மேலே போனால் வாங்க வேண்டும். சரிபார்க்க வருபவர் கேட்பது உங்கள் அழகான வரைபடத்தை அல்ல. ஷிஃப்ட் லாக் புக், எடைமேடைச் சீட்டு, ஆய்வகக் குறிப்பேடு, கருவி சரிபார்த்த சான்று. எக்செல்லில் திருத்திய எண்ணுக்கு அடியில் திருத்தாத எண்ணும், ஏன் திருத்தினோம் என்ற ஒரு வரியும் இருக்கட்டும்.

உங்களுக்கு முதல் மூன்று மாதத்துக்கு நான் சொல்லும் வேலை இவ்வளவுதான்: கிளிங்கர் எடைச் சோதனை, பிரீஹீட்டர் தளம் தளமாக ஆக்சிஜன், லாரி லாரியாகச் சாம்பல் தரம், ஊரில் தூசி ஜாடி. மதிப்பெண் கேட்கும் மேலிடத்துக்கு இந்த நான்கின் முடிவையும் ஒரு பக்கத்தில் கொடுங்கள். எடைச் சோதனைக்கு உற்பத்திப் பிரிவின் ஒப்புதலை இந்த வாரமே எழுத்தில் வாங்கிவிடுங்கள், மழை தொடங்கிவிட்டால் கில்ன் நிலையாக ஓடும் நாள் கிடைக்காது. எடுத்ததும் மாவு, நிலக்கரி, கிளிங்கர் மூன்றின் எடையையும் கலோரி மதிப்பையும் இங்கே எழுதுங்கள், கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.